பராமரிப்பு மணித்தியாலங்கள் குறைக்கப்பட்டபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் 2024 கோடை தொடங்கி 2025 தொடக்கம் வரை நடந்த ஒரு விடயத்தின் பதிவு இது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையோ அவருடைய பராமரிப்புக்குப் பொறுப்பான உள்ளூராட்சிக் கவுன்சிலையோ அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் இல்லை. நேரில் அக்கா என்று கூப்பிடுவதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். இதில் வரும் சட்ட விடயங்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

பின்னணி

அக்காவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் இளம்பிள்ளை வாதம் (போலியோ) வந்து இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டன. ஊன்றுகோலோடு படித்தார், வேலை செய்தார், எண்பதுகளின் இறுதியில் இங்கிலாந்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்குப் பிறகு தோள்களும் கைகளும் தளரத் தொடங்கின. போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு வரும் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். புதிதாகத் தசைகள் பலவீனமடையும், கடும் களைப்பு வரும், குளிர் தாங்க முடியாது. ஒரு நாள் கை ஓரளவு வேலை செய்யும், மறுநாள் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாது. இந்த ஏற்ற இறக்கம் பின்னால் முக்கியமாகிறது.

கணவர் இறந்தபின் தனியாக, சக்கர நாற்காலியில், வாடகை வீட்டில் வாழ்கிறார். கவுன்சிலின் பராமரிப்புத் திட்டப்படி ஒரு நாளைக்கு மூன்று முறை கேரர் என்ற பராமரிப்பு உதவியாளர் வருவார்: காலையில் ஒன்றரை மணித்தியாலம், மதியம் அரை மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போக இன்னும் இரண்டு மணித்தியாலம். மொத்தம் வாரத்துக்கு 23. இதற்காக அவர் செலுத்திய பங்கு வாரம் 128.60 பவுண்.

2024 வசந்தத்தில் கவுன்சில் அவருடைய தேவைகளைத் தொலைபேசியில் மீளாய்வு செய்தது. அக்காவின் ஆங்கிலம் அன்றாடப் பேச்சுக்குப் போதும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அன்று உடம்பு நன்றாக இருந்த நாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேசினார். கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டிருப்பது அவருக்குக் கூச்சம்.

கடிதம் வந்தபோது கண்டவை

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரே உறையில் பல தாள்கள் வந்தன. அக்கா அவற்றை வரிசை மாறாமல் கிளிப் போட்டு வைத்திருந்தார், ஆனால் முதல் பக்கத்துக்கு மேல் வாசிக்கவில்லை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?"

யாரோ தன்னைப் பற்றி முறைப்பாடு செய்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தார். அதோடு, ஜூலை 29 ஆம் தேதி அரசு அறிவித்தவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். ஒருவர் தன் வாழ்நாளில் பராமரிப்புக்குச் செலவிட வேண்டிய தொகைக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வைக்கும் திட்டம் அன்று கைவிடப்பட்டது. குளிர்கால எரிபொருள் கொடுப்பனவும் வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. தன் கையில் இருக்கும் கடிதமும் அதே வெட்டுத்தான், அரசாங்கமே முடிவு செய்தபின் பேசிப் பயனில்லை என்பது அவரது எண்ணம். கடும் ஊனமுள்ளவர்கள் வீட்டில் வாழ அரசு பணம் தந்த சுயாதீன வாழ்வு நிதியம் 2015 ஜூன் 30 அன்று மூடப்பட்டபோது அவருடைய தோழி ஒருவர் எவ்வளவோ கூட்டங்களுக்குப் போயும் மூடப்பட்டதுதான் மிச்சம் என்பதையும் நினைவுபடுத்தினார்.

உண்மையில் அந்த இரண்டு அறிவிப்புகளும் அக்காவைத் தொடவில்லை. அவருக்குப் பென்ஷன் கிரெடிட் வருகிறது, ஆகவே குளிர்காலக் கொடுப்பனவு தொடரும். உச்சவரம்பு அவரைப் போலச் சேமிப்பு இல்லாதவருக்கு நடைமுறையில் எதையும் மாற்றியிருக்காது.

கடிதத்தை முழுவதும் வாசித்தபோது அதில் இரண்டு தனித்தனி முடிவுகள் இருப்பது தெரிந்தது. ஒன்று, மீளாய்வின்படி 23 மணித்தியாலம் 14 ஆகிறது: காலை ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம். மதிய வரவு இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. மற்றது, கவுன்சிலின் கட்டணக் கொள்கை மாறியதால் அவருடைய பங்கு 128.60 இலிருந்து 179.50 பவுணாக உயர்கிறது. உதவி குறைய, கட்டணம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும் எவருக்கும் அது தண்டனையாகத்தான் தெரியும்.

முதல் முடிவு: இரண்டாகப் பிரிப்பது

எதையும் எழுதுவதற்கு முன் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டோம். ஒன்றின் தலைப்பு "நேரம்", மற்றதன் தலைப்பு "காசு". கடிதத்தின் ஒவ்வொரு பந்தியும் எந்தத் தாளுக்குரியது என்று அக்காவே சொன்னார், நான் எழுதினேன். இதற்கு ஒரு மாலை முழுவதும் போனது. இந்த வழக்கில் மிகவும் பயன் தந்த வேலை இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நேரம் தேவையைப் பொறுத்தது, அதற்குச் சான்று உடம்பும் அன்றாடமும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது, அதற்குச் சான்று ரசீதுகள். கேள்வி கேட்க வேண்டிய அலுவலர்களும் வெவ்வேறு பேர்.

இடையில் அக்கா ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். "வேண்டாம் எண்டு எழுதிப்போடு தம்பி. ஆள் வராட்டி காசும் இல்லைத்தானே." கட்டணப் பயத்தில் பராமரிப்பையே நிறுத்திவிடுவது வயதானவர்களிடம் நான் பலமுறை கண்டது. அது அவருடைய உரிமை, நான் தடுக்க முடியாது. ஆனால் முடிவெடுக்கும் முன் மூன்று விடயங்களைத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். ஈமக்கிரியைக்கென்று சேர்த்து வைத்த பணத்தை யாரும் எடுக்கப்போவதில்லை, ஏனெனில் சேமிப்பு 14,250 பவுணுக்குக் கீழே இருந்தால் கட்டணக் கணக்கில் அது சேராது. கட்டணத்தில் சிக்கல் வந்தால் கவுன்சில் அதைக் கடனாக அறவிட முயலலாம், அதற்காகத் தேவையை நிறைவேற்றும் கடமை அற்றுப்போவதில்லை. ஒருமுறை நிறுத்தினால் திரும்பப் பெறப் புதிய மதிப்பீடு வேண்டும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, நிறுத்தவில்லை என்றார். பழைய 128.60 ஐத் தொடர்ந்து கட்டுவது, மிகுதி தகராறில் உள்ளது என்று எழுத்தில் அறிவிப்பது என்று முடிவானது.

சட்டத்தைப் பற்றி எவ்வளவு சொன்னோம்

நம்பிக்கை கொடுக்கும் அவசரத்தில் "இது சட்டவிரோதம், விடக்கூடாது" என்று சொல்லிவிடுவது எளிது. அதை நான் தவிர்த்தேன்.

2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2014 ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் பத்து அன்றாட விடயங்களைப் பார்க்கிறது: உண்பது, உடம்பைச் சுத்தமாக வைத்திருப்பது, கழிவறைத் தேவை, உடுத்துவது, வீட்டில் பாதுகாப்பாக நடமாடுவது, உறவுகளைப் பேணுவது, சமூக இடங்களுக்குப் போவது என்பன அவற்றில் சில. உடல் அல்லது மன நலக்குறைவால் இரண்டையாவது செய்ய இயலாமல், அதனால் வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்பட்டால் கவுன்சில் உதவ வேண்டும். அக்கா இதுவரை அறியாதது ஒன்று உண்டு. கடும் வலியோடு, ஆபத்தோடு, அல்லது வழமையைவிட மிகக் கூடிய நேரம் எடுத்துத்தான் செய்ய முடியும் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது இயலாமைதான். உடல்நிலை ஏறி இறங்குபவர் என்றால் ஒரு நாளை வைத்து முடிவு செய்யக்கூடாது, போதிய காலத்தைப் பார்க்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. மீளாய்வை ஒருவருடைய பராமரிப்புக்கு ஒதுக்கிய பாதீட்டைக் காரணமின்றிக் குறைக்கும் கருவியாக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டலும் சொல்கிறது.

மறுபக்கத்தையும் சொன்னேன். மதிய வரவுக்குப் பதிலாகப் புதிய திட்டம் சொன்னது, சிறுநீரை உறிஞ்சும் பட்டிகளைக் கட்டிக்கொள்ளலாம் என்பது. அக்காவுக்குச் சிறுநீர் கட்டுப்பாட்டில் பிரச்சினை இல்லை. நாற்காலியிலிருந்து கழிவறைக்கு மாறத்தான் ஒருவர் வேண்டும். அவமானத்தில் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டுதான் தாளை நீட்டினார். இதே பிரச்சினை எலைன் மக்டொனால்ட் என்ற முன்னாள் பாலே நடனக் கலைஞரின் வழக்காக ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரவில் உதவியாளருக்குப் பதிலாகப் பட்டிகளைக் கொடுத்த கவுன்சிலின் பக்கமே 2011 இல் தீர்ப்பு வந்தது. 2014 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முறையான மீளாய்வு நடப்பதற்கு முந்திய காலத்துக்கு மட்டும் உரிமை மீறல் நடந்ததாகச் சொன்னது. ஆகவே "பட்டி தரவே கூடாது" என்ற வாதத்தில் நிற்பது பலவீனம். தேவை என்ன மாறியது, அதை எப்படிக் கண்டீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பதே பலம்.

இதைக் கேட்டு அக்கா சோர்ந்துபோவார் என்று பயந்தேன். மாறாக, "அப்ப என்னை ஒழுங்காப் பாக்கச் சொல்லிக் கேப்பம்" என்றார். அவருடைய கோரிக்கை அந்த ஒரு வாக்கியமாகவே கடைசிவரை இருந்தது.

மதிப்பீட்டின் எழுத்துப் பிரதியும், தகுதி பற்றிய முடிவும் காரணங்களும் அவருக்குத் தரப்பட வேண்டியவை. அவற்றைக் கேட்டு முதல் கடிதம் போனது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றத்தில் கேட்கும், மூன்று மாதக் கெடுவுள்ள நீதி மீளாய்வு என்ற வழி இருப்பதைச் சொன்னபோது அவர் வேண்டாம் என்றார். இந்த முடிவுகளை மேன்முறையீடு செய்யத் தனித் தீர்ப்பாயம் கிடையாது. கவுன்சிலில் முறைப்பாடு, அதன் பின் முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியான ஒம்புட்ஸ்மன் என்பதே மற்ற வழி. அதையே எடுத்தோம்.

இடைவெளியில் நடந்தது

முறைப்பாடு முடியும்வரை பழைய திட்டத்தைத் தொடரும்படி கேட்டதைக் கவுன்சில் முதலில் ஏற்கவில்லை. மதிய வரவு நின்றது. காலை கேரர் ஒன்பதரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் அடுத்தவர்.

அக்கா யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பட்டி கட்ட மனமில்லை. காலையில் ஒரு அரைக் கோப்பைத் தேநீர், பிறகு மாலை வரை ஒன்றும் இல்லை. சமையலறை மேசையில் கேரர் நிரப்பி வைத்த தண்ணீர்ப் போத்தல் மாலையில் அதே அளவில் நின்றதை முதலில் கவனித்தவர் அந்தக் கேரர்தான். செப்டெம்பரில் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலில் படுத்தபின்தான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது.

குடும்ப வைத்தியரான ஜீபியிடம் காரணத்தை அக்கா வாயால் சொல்லக் கூச்சப்பட்டார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளின் செய்தி மருத்துவக் குறிப்பில் ஏறியது. தொற்றையும் நீர் அருந்தாததையும் அதன் காரணத்தையும் இணைத்து ஜீபி ஒரு கடிதம் தந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் முதுகின் கீழே தோல் சிவந்திருப்பதைப் பதிவு செய்தார்.

யார் பேசுவது என்ற முடிவு

கவுன்சில் நேரில் மறுமதிப்பீடு செய்ய ஒப்புக்கொண்டது. விளங்குவதில் அல்லது எடுத்துச் சொல்வதில் பெரிய சிரமம் உள்ளவருக்கு, துணைநிற்கப் பொருத்தமான ஒருவர் இல்லையென்றால், அவர் சார்பில் பேசும் சுயாதீனப் பரிந்துரையாளர் ஒருவரைக் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். "உங்கள் நண்பர் இருக்கிறாரே" என்று அவர்கள் என்னைக் காட்டினார்கள். நானும் தயாராகத்தான் இருந்தேன்.

அக்கா வேண்டாம் என்றார். கழிவறை விடயங்களைத் தம்பிபோல் பழகும் ஒரு ஆணின் முன்னால் பேச முடியாது என்று நேராகவே சொன்னார். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் ஒருவரைப் பொருத்தமானவர் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பதைச் சுட்டி எழுதினோம். ஒரு பெண் பரிந்துரையாளரும், தொலைபேசியில் இல்லாமல் நேரில் வரும் பெண் மொழிபெயர்ப்பாளரும் கிடைத்தார்கள். அந்தச் சந்திப்பில் நான் இருக்கவில்லை. உதவி செய்பவர் விலகி நிற்க வேண்டிய இடம் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கு முன் அக்கா ஒரு குறிப்பேடு வைக்கத் தொடங்கியிருந்தார். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டையும் எழுதச் சொன்னேன். கெட்ட நாட்களை மட்டும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "சட்டைப் பொத்தான் நான்கு. இருபத்தைந்து நிமிடம். வலது கை நடுங்கியது. ஐந்தாவதைப் போடாமல் விட்டேன்." இன்னொன்றில்: "இன்று கை நல்லம். தோசை நானே திருப்பினேன். பின்னேரம் எழும்ப ஏலவில்லை." நல்ல நாளுக்கு மறுநாள் உடம்பு விலை கேட்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. சமூகப்பணியாளர் அந்தக் குறிப்பேட்டை வெகுநேரம் புரட்டினார் என்று பரிந்துரையாளர் பின்னர் சொன்னார்.

காசுத் தாள்

2024–25 இல் அக்காவின் வார வருமானம்: பென்ஷன் கிரெடிட் உத்தரவாதத் தொகை 218.15, கடும் மாற்றுத்திறன் கூடுதல் தொகை 81.50, பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உயர்வீதம் 108.55. மொத்தம் 408.20 பவுண். ஓய்வூதிய வயதில் தனியாக வாழும் ஒருவரின் கையில் கட்டணம் கட்டிய பிறகும் அந்த ஆண்டில் குறைந்தது 228.70 மிஞ்ச வேண்டியிருந்தது. மிகுதி 179.50, கடிதத்தில் இருந்த அதே தொகை.

முன்பு ஏன் குறைவு? கவுன்சில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் குறைந்த வீதமான 72.65 ஐ மட்டுமே கணக்கில் எடுத்திருந்தது. அதோடு மாற்றுத்திறன் தொடர்பான செலவுக்கென்று எல்லோருக்கும் ரசீதில்லாமல் 15 பவுண் கழித்திருந்தது. புதிய கொள்கையில் இரண்டும் போய்விட்டன. முதலாவதை அக்காவால் தனியாக மாற்ற முடியாது. இரண்டாவது அப்படியல்ல. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வருமானமாகக் கணக்கிடப்பட்டால், ஊனம் காரணமாக ஆகும் நியாயமான செலவுகளைக் கவுன்சில் கழித்தாக வேண்டும். கழிவு நின்றுவிடவில்லை, இனிக் கேட்டால்தான் கிடைக்கும் என்றாகியிருந்தது. கடிதத்தில் இது கடைசிப் பக்கத்தின் கீழே ஒரு வரி.

மின்சார, எரிவாயுக் கட்டணங்கள், அவசர அழைப்பு மணியின் சந்தா, சலவை, சக்கர நாற்காலிப் பராமரிப்பு, தனியாகச் செய்விக்கும் சப்பாத்து என்று தேடிச் சேர்த்தோம். குளிர் தாங்காமை நோயின் அறிகுறி என்று ஜீபி எழுதியதால் வெப்பச் செலவு ஏற்கப்பட்டது. வாரக் கணக்கில் வெப்பம் 12, சலவை 6.50, அழைப்பு மணி 5, நாற்காலி 4.50, சப்பாத்து 3. மொத்தம் 31 பவுண்.

முடிவு

2025 தொடக்கத்தில் புதிய திட்டம் வந்தது. காலை ஒன்றேகால் மணித்தியாலம், மதியம் அரை மணித்தியாலம், மாலை முக்கால் மணித்தியாலம். வாரத்துக்கு 17.5. அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் ஒக்குப்பேஷனல் தெரப்பிஸ்ட் பரிந்துரைத்த மின்கட்டில் வந்ததால் மாலை நேரம் குறைவதை அக்கா தானே ஏற்றுக்கொண்டார். கட்டணம் 179.50 இலிருந்து 148.50 ஆனது, கொள்கை மாறிய நாளிலிருந்து திருத்தப்பட்டது. அவர் கட்டிவந்த 128.60 க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தவணையில் கட்டக் கவுன்சில் ஒப்புக்கொண்டது.

வெள்ளிக்கிழமை திரும்பவில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பதில். தெரிந்தவர்கள் முறைவைத்துக் கூட்டிப்போகிறோம் என்பது உண்மைதான். ஆனால் யாருக்காவது சுகமில்லையென்றால் அக்கா வீட்டிலேயே இருக்கிறார், வாரத்தில் அவர் வெளியே போகும் ஒரே நாள் அது. உறவுகளும் சமூக இடங்களும் சட்டத்தின் பத்து விடயங்களில் உள்ளவை. குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் அப்பால் எல்லாவற்றையும் தயவில் விட்டுவிடுவது எனக்கு ஏற்புடையதில்லை. ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்றேன். அக்கா களைத்திருந்தார், இப்போதைக்குப் போதும் என்றார். அது அவர் எடுத்த முடிவு.

புரிதல் என்ற அளவில் ஒரு மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். ஏப்ரலில் புதிய வீதங்களோடு கட்டணக் கடிதம் வந்தபோது அவர் என்னை அழைக்கவில்லை. குறைந்தபட்சத் தொகை 232.60 ஆனதையும் ஓய்வூதிய உயர்வையும் தானே தாளில் போட்டுப் பார்த்து, கழிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கவுன்சிலுக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

இனி மாற்ற வேண்டியவை

மீளாய்வுக்கு அழைப்பு வந்தவுடனேயே குறிப்பேடு தொடங்க வேண்டும், கடிதம் வந்த பிறகு தொடங்கினால் பாதிக் காலம் போய்விடும். தொலைபேசி மீளாய்வுக்குச் சம்மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. நேரில் வரும்படியும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம். கட்டணக் கொள்கை மாற்றத்துக்கு முன் கவுன்சில்கள் பொதுக் கருத்துக் கேட்பு நடத்துவது வழக்கம். நம்மவர்கள் அதில் பதில் எழுதுவது மிகக் குறைவு, தனியாளால் மாற்ற முடியாத அந்த அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் விடயத்தைப் பேசக்கூடிய இடம் அதுதான். வரவு குறைக்கப்பட்ட வாரங்களில் என்ன குடிக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதைக் கேரரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது.

அக்காவின் அடுத்த மீளாய்வு நெருங்குகிறது. வெள்ளிக்கிழமை இரண்டு மணித்தியாலத்தை முதல் விடயமாக எடுக்க வேண்டும், அதே பரிந்துரையாளர் வர வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் போய்விட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.